கோடிட்ட இடம்

பிள்ளையை எனக்கே கொடுத்துவிடுவதாக சுபாஷ் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. ஒன்பது வருஷக் குடும்பத்தில், சாம்பாரில் உப்பு கம்மி என்பதைக்கூட நாலு தெருவுக்குக் கேட்கச் சொல்லி ஜெயித்த மனுஷன் அவர். எங்கள் மகள் சுபஸ்ரீக்குத் தன் பேரில் பாதியை எடுத்து வைத்ததும் அவர்தான். அப்படிப்பட்டவர், "அம்மாகிட்டயே இருக்கட்டும்" என்று ஒரே வரியில் விட்டுக்கொடுத்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

என் பிழைப்பும் அப்படி. கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு மக்காச்சோள மண்டியில் லாரிகளை எடை போடுகிறேன். டிரைவர் இறங்கிவிட்டாரா, மூட்டைக்கு நடுவில் எவனாவது படுத்திருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்துவேன். சிரித்துப் பேசுகிற டிரைவரை இரண்டு தடவை பார்ப்பேன்.

கோர்ட்டு வளாகத்தில் இருந்த இலவச சட்ட உதவி மையத்தில் எனக்குக் கிடைத்த வக்கீல் எழில்மதி. சின்ன வயசு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் தருவார்கள் என்றபோது அதையும் நான் நம்பவில்லை. சும்மா வருகிறவர் நாளைக்கு அந்தப் பக்கம் சாய மாட்டார் என்று என்ன நிச்சயம்? ஆனால் பொறுமைசாலி. இரண்டு பேரும் சம்மதித்து ஒரே மனுவாகப் போடலாம், ஒரு வருஷமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனு போட்டபின் சாதாரணமாக ஆறு மாசம் பொறுக்க வேண்டும், அதற்குள் யாருக்கும் மனசு மாறலாம் என்று வரி வரியாக விளக்கினார்.

"மனசு மாறலாமா? அப்ப புள்ளையக் குடுக்கறேன்னதும் மாறிடுமா மேடம்?"

"கோர்ட்டு உத்தரவாயிட்டா லேசுல மாறாதுக்கா. ஆனா பிள்ளையோட நல்லதுக்குன்னு பின்னாடி யார் வேணா மனு போடலாம்."

அந்த 'யார் வேணா' ஒரு வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

அந்தச் சமயம் பார்த்து என் தம்பி தமிழழகன் ஒரு சேதி கொண்டுவந்தான். உளுந்தூர்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் சுபாஷ் இப்போது வாராவாரம் கல்வராயன் மலை ஏறுகிறாராம். வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போட நிலம் குத்தகைக்கு எடுத்து, வீடும் பிடித்திருக்கிறாராம். போச்சு என்று நினைத்தேன். பள்ளிக்கூட வாசலிலிருந்தே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிட்டு, 'மகள் என்னிடம்தான் இருக்கிறாள்' என்று மனு போட்டால் நான் என்ன செய்வேன்?

லீவு போட்டுவிட்டு மலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் வளைவுகளில் குடலே வெளியே வந்துவிட்டது. விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பூட்டியிருந்தது. கொடியில் ஒரு நைட்டி காய்ந்தது. அதற்கெல்லாம் நான் எப்போதோ அழுது முடித்தாகிவிட்டது. நான் தேடியது வேறே. ஒரு சின்னச் செருப்பு, ஒரு குட்டிச் சைக்கிள், எட்டு வயசுப் பெண் போடுகிற கவுன், ஏதாவது ஒன்று. ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கட்டில், டிவி, மூலையில் நாலு டயர்.

பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்தாள். "இன்னாம்மா தேடற?"

"இங்க சின்னப் புள்ள யாருனா வரப் போவுதுன்னு பேச்சு அடிபட்டுச்சாங்க?"

"இந்த வூட்டுக்கா? அப்படி ஒண்ணும் சொல்லலியே."

சுபாஷ் எவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறார் என்று எண்ணிக்கொண்டே மலையிறங்கி வந்தேன்.

கையெழுத்துப் போடுகிற நாளில் மனுவை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை மாட்டியது. 'தந்தை ஒவ்வொரு மாதமும் ______ ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் மாலை ஐந்து மணி வரை மகளைச் சந்திக்கலாம்.'

"இது ஏன் காலியா இருக்குது? நான் கையெழுத்துப் போட்டப்புறம் 'எல்லா'ன்னு எழுதிக்கினா?"

"நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லணும்னுதான்க்கா விட்டிருக்கேன்" என்று எழில்மதி சிரித்தார். வெளியே போனில் பேசிக்கொண்டிருந்த சுபாஷை உள்ளே கூப்பிட்டார்.

அவர் அந்த வரியைப் படித்தார். "இத அடிச்சிடுங்க மேடம். எனக்கு வேணாம்."

"சார், அது உங்க உரிமை. பிள்ளைக்கும் அப்பாவைப் பார்க்கிற உரிமை இருக்கு. நல்லா யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. ஞாயித்துக்கிழமையானா மலைக்குப் போய்க்கினு இருக்கேன். இதுக்குன்னு வந்துக்கினு போய்க்கினு இருக்க முடியாது. அவ நல்லாத்தான் பாத்துக்கறா."

அவர் முகத்தை ஒரு இடுக்கு விடாமல் பார்த்தேன். வீம்பு இல்லை. கோபமும் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு போனைப் பார்த்தார். எதையும் மறைக்கவில்லை. அவருக்குப் பிள்ளை வேண்டாம், அவ்வளவுதான். இத்தனை நாளும் திருடன் வருவான் வருவான் என்று நான் காவல் காத்திருக்கிறேன்.

எழில்மதி அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

"நில்லுங்க மேடம்." குரல் என்னுடையதுதான். "மாசத்துல ஒரு ஞாயிறு எழுதுங்க. நானே கூட்டியாறேன், உளுந்தூர்பேட்டைக்கே. அஞ்சு மணி வரைக்கும் வாணாம். ஒரு டீ குடிக்கற நேரம் போதும்."

சுபாஷ் நிமிர்ந்தார். "புள்ளைய என் கண்ணுலயே காட்ட மாட்டேன்னு நீதான ஜெயா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்த?"

"சொன்னேங்க. இப்ப நான்தான் கேக்கறேன்." விவாகரத்து மனுவுக்கு முன்னாலும் அந்த 'ங்க' மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கெஞ்சுகிறேன் என்று தெரிந்தது. தெரிந்தே கெஞ்சினேன்.

"சரி, எதுனா ஒண்ணு எழுதிக்கோங்க" என்றார்.

எழில்மதி 'இரண்டாவது' என்று எழுதினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

சாயங்காலம் சுபஸ்ரீ பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். "அப்பா இன்னாம்மா சொன்னாரு?"

"மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை உன்னப் பாக்கணுமாம்."

அவள் உடனே சிரித்துவிடவில்லை. தலையைச் சாய்த்து என் முகத்தையே பார்த்தாள். லாரிகளை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

"அவரே கேட்டாரா? இல்ல, நீ கேட்டியா?"

"அவரேதான்டி கேட்டாரு" என்றேன். யாராவது என்னை நம்பித் தொலைக்க வேண்டுமே என்று என் ஜென்மத்தில் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.