கன்னியம்மாவுக்கு ஒரு பஸ்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. நல்லது செய்யாமல் அவர்களால் இருக்க முடிவதில்லை. வாழைப்பழம் கொடுக்க வருகிறவன் சட்டென்று கையை விட மாட்டான். போட்டோ எடுக்கிறவன் தலையாட்டும்வரை பழத்தின் ஒரு முனை அவன் பிடியிலேயே இருக்கும். இப்படி எத்தனையோ பழங்களை ஏகாம்பரம் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். போர்வை வந்தது, சோலார் விளக்கு வந்தது. கக்கூஸ் கட்டித் தருகிறோம் என்று ஒரு கூட்டம் வந்து குழி வெட்டிவிட்டுப் போனது. குழியில் மழைத்தண்ணீர் நின்று ஆடு விழுந்து செத்ததுதான் மிச்சம்.

அதனால், வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்புக்குப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பக்தவத்சலமே நேரில் வந்து நின்றபோது, குடியிருப்பின் பெரியவரான ஏகாம்பரம் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னா சார், இந்த வாட்டி இன்னா குழி?"

பக்தவத்சலம் சிரித்தார். கூட வந்திருந்த நிர்மலும் சிரித்தான். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் எழும்பியிருக்கும் அடுக்குமாடியில் குடியிருப்பவன் அவன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமைகளில் வந்து இருளர் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பான். பள்ளிக்கூடமும் குடியிருப்பும் கைகோத்தால்தான் இந்தப் பிள்ளைகள் பத்தாவதைத் தாண்டும் என்பது அவன் கட்சி. பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுவில் ஏகாம்பரம் உட்கார வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவனும் அவன்தான்.

பேத்தி எழிலரசிக்காகத்தான் கிழவர் ஒத்துக்கொண்டார். சூளையில் மண் சரிந்து மகன் செத்த பிறகு, மருமகள் வசந்தா அரிசி மில்லில் தவிட்டுத் தூசி தின்றுகொண்டே வளர்த்த பெண். குடியிருப்பில் இந்த வருஷம் பத்தாவது எழுதும் மூன்று பேரில் ஒருத்தி. தேறினால் மேலே படித்து நர்ஸாவாள். தேறாவிட்டால் அம்மா நிற்கிற அதே மில்லில், அம்மா பக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான். வேறு வாசல் கிடையாது.

ஏகாம்பரமும் சும்மா இருந்துவிடவில்லை. விடிந்ததும் குடிசை குடிசையாகப் போய், தூங்குகிற பிள்ளைகளையும் பெற்றவர்களையும் சேர்த்தே திட்டி விரட்டினார். வகுப்பு நிறைந்தது. நிறைந்ததற்கும் போட்டோ எடுத்தார்கள். ஆனால் எழிலரசியைத் தவிர மற்ற இரண்டு பையன்களும் எந்தப் பரீட்சையிலும் கரையேறவில்லை. பள்ளிக்கூட வாசலில் 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி' என்று வருஷத்துக்கு ஒரு பேனர் புதிதாகத் தொங்கும். அதைக் கடக்கும்போதெல்லாம் பக்தவத்சலம் இருளர் பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பார்.

தை மாதக் கூட்டம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு அவர் கேட்டார். "பள்ளிக்கூடம் உங்களுக்கு என்ன செய்யணும்? கூச்சப்படாம சொல்லுங்க ஏகாம்பரம்."

கிழவருக்கு வாய் சும்மா இருக்காது. "மாசி மகத்துக்கு எங்க சனம் அத்தினியும் மாமல்லபுரம் கடலுக்குப் போவும். லாரில ஆடு மாதிரி நின்னுகினே போறோம். கூட்டு, கூட்டுன்றியே சார், எங்க ஆத்தா கன்னியம்மாவுக்கு ஒரு பஸ்ஸு உடேன் பார்ப்போம்."

குத்திக்காட்டத்தான் சொன்னார். ஆனால் நிர்மல் துள்ளி எழுந்தான். "நான் தர்றேன் ஐயா!" என்றவன் அப்போதே பஸ்காரருக்குப் போன் போட வெளியே போனான். அறையில் இருவர்தான் மிச்சம்.

"அன்னிக்குப் பரீட்சை எதுனா கீதா சார்?"

"சயின்ஸ் பிராக்டிகல் அந்தப் பக்கந்தான் வரும்." பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க பிள்ளைங்க மூணு பேருக்கும் திரும்பி வந்தப்புறம் தனியா வெக்கிறேன். போதுமா? என் வார்த்தை."

கடற்கரையில் கழிகளை நட்டு, சேலைகளைச் சுற்றிக் கட்டி, மணலில் படி பிடித்துக் கன்னியம்மாவை வைத்திருந்தார்கள். மகத்தன்று காலையில் சாமியாடியின் மேல் ஆத்தா இறங்கி வாக்குச் சொல்வாள். சொல்லி முடிக்கும்வரை யாரும் சேலைக்கட்டைத் தாண்டக் கூடாது. அன்றைக்கு ஆத்தா வரத் தாமதமானது. உடுக்கைக்காரனுக்குக் கை ஓய்ந்துபோனது. அந்த நேரத்தில்தான் வசந்தாவின் போன் அடித்தது; எழிலரசி எடுத்தாள். பேசியவள் ஷாகிதா, எழிலரசியோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள்.

"எங்கடி கீற? பிராக்டிகல் ஆரம்பிச்சிட்டாங்க. வேற ஸ்கூல் மிஸ் வந்துகீறாங்க, இன்னியோட முடிஞ்சுதாம். மத்தியானம் ரெண்டாவது பேட்ச் கீது, எப்படியாச்சும் ஓடியாந்துரு."

எழிலரசி தாத்தாவிடம் ஓடினாள். "பஸ்ஸ எடுக்கச் சொல்லு தாத்தா. இப்பக் கெளம்புனாக்கூடப் போயிரலாம்."

"யார் சொன்னா?"

"ஷாகிதா."

ஏகாம்பரம் காறித் துப்பினார். "போன வருஷம் கலர் டிரஸ்ஸுல வரச் சொன்னாங்கன்னு பொய் சொல்லி, உன்னிய மட்டும் கலர்ல நிக்க வெச்சு சிரிச்சாளுங்களே, மறந்துட்டியா? இங்கேர்ந்து அலறிகினு ஓடியாந்தா இன்னொரு வாட்டி சிரிப்பாளுங்க."

"அது அவ இல்ல தாத்தா!"

"எவளா இருந்தா இன்னா? அந்த கிளாஸ்ல உனக்கு நல்லது நெனைக்கிறவ எவ? ஆத்தா வாக்கு சொல்லாம கால வெளிய வெச்ச, முறிச்சிடுவேன்."

உச்சி வெயிலில்தான் ஆத்தா வந்தாள். தன் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது என்று வாக்குச் சொன்னாள்.

மறுநாள் பள்ளிக்கூட வராந்தாவில் மூன்று பிள்ளைகளும் நின்றார்கள். பக்தவத்சலம் கிழவரை உள்ளே உட்காரச் சொல்லவில்லை.

"பிராக்டிகல்ல ஆப்சென்ட். இனி தியரி எழுதியும் பாஸ் கிடையாது. எழுதாம இருக்கிறதுதான் மரியாதை. எழுதாதவன் தேர்ச்சிக் கணக்குல வரமாட்டான், அவனுக்கும் அசிங்கம் இல்ல, எனக்கும் இல்ல."

"தனியா வெக்கிறேன்னு வார்த்தை குடுத்தியே சார்!"

"நானா? எப்பய்யா? பரீட்சை நாளும் அதுவுமா ஊரையே கூட்டிக்கிட்டுக் கடலுக்குப் போனது யாரு? பஸ்ஸு கேட்டது யாரு? நீதானே கேட்ட?"

வெளியே நின்ற வசந்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமனாரின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "மில்லுல அடுத்த வாரம் ஆளு எடுக்குறாங்க மாமா. நீயே கூட்டினு போய் உட்டுரு. உனுக்குத்தான் பஸ்ஸெல்லாம் குடுப்பாங்களே."



இரண்டு நாள் கழித்து நிர்மலின் கார் ஏரிக்கரையில் வந்து நின்றது. அவன் சவரம் செய்திருக்கவில்லை.

"ஐயா, திருவள்ளூர் கல்வி ஆபீஸ்ல மேலதிகாரியப் பார்த்துட்டு வர்றேன். சார் வார்த்தை குடுத்ததக் காதால கேட்டவரு நேர்ல வந்து சொன்னாப் போதுமாம். மூணு பேருக்கும் வேற ஸ்கூல்ல பிராக்டிகல் வெச்சுடுவாங்க. இன்னிக்கு சாயங்காலம்தான் கடைசி. நான் அப்ப வெளிய போன் பேசப் போயிட்டேன். கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

"அப்பிடியே உன் கார்ல ஏறி வரணும்?"

"ஆமாய்யா."

"பஸ்ஸு ஒண்ணு பத்தாதா?"

எழிலரசி அதற்குள் சீருடை போட்டுக்கொண்டு காரின் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"ஏறு தாத்தா."

ஏகாம்பரத்துக்கு வேறொரு வண்டி ஞாபகம் வந்தது. பார்த்ததை மட்டும் சொன்னால் போதும், கொண்டுவந்து விட்டுவிடுகிறோம் என்று சொல்லித்தான் முன்னொரு காலத்தில் அவரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். பார்த்ததைச் சொன்னார். சொன்னவரையே திருட்டுக் கேஸில் உள்ளே போட்டார்கள். அங்கே வாங்கிய அடியில் முட்டி இன்னும் சரியாக மடங்குவதில்லை.

"அவனும் ஆபீசரு, இவனும் ஆபீசரு. இவன் மேல அவன்கிட்ட சொன்னா, சாயங்காலமே ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிப்பானுங்க. அப்புறம் இங்க வந்து எவன் மேல கேஸ் போடுவான்? இந்த சார் மேலயா?"

"நானும் கூடவே இருப்பேன் ஐயா."

"பஸ்ஸு குடுத்தப்பக்கூட இருந்தியே."

"ஷாகிதா சொன்னது நெசம் தாத்தா," என்றாள் எழிலரசி. "நீ நம்பல. இதுவும் நெசந்தான்."

"ஒண்ணு நெசமாப் போச்சுன்னா எல்லாமே நெசமாயிடுமா?"

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. அந்நியரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"அந்த சாருக்கு நூறு சதவீதம் வரணும்னு எங்க ஸ்கூல்ல உன்னாட்டம் உழைச்சவங்க யாருமே இல்ல தாத்தா."

ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கரையோரமாக, காருக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கினார். பின்னால் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை; அவர் ஏறுவதற்காகத் திறந்தே வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நல்லது செய்ய வந்தவன் எவ்வளவு நேரம் பெட்ரோலை எரிப்பான், அதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.