பதினைந்தாயிரத்து அறுநூற்று இருபத்தைந்தில் ஒன்று

முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள், சரியான வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். எனக்கு ஆறு தவறு. எனக்குப் பின்னால் உட்காரும் ரஞ்சித்குமாருக்கு ஏழு. என் ஆறும் அவனுடைய ஏழுக்குள் இருந்தன. கேள்விகள் மட்டுமல்ல, விடைகளும் அவையே. நான் இரண்டாவது வட்டத்தைக் கறுப்பாக்கிய இடத்தில் அவனும் இரண்டாவது வட்டம். நான் ஐந்தாவது என்றால் அவனும் ஐந்தாவது.

நான் யாரையும் பார்த்து எழுதவில்லை. அப்படியானால் இது எப்படி நடந்தது? மூன்று நாளாக அந்த ஆறு கணக்குகளையும் திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அதே தவறான விடைதான் வந்தது.

புள்ளியியல் ஆசிரியர் ஹாலண்டுக்குக் குழப்பமே இல்லை. கடிதத்தில் கணக்குப் போட்டே அனுப்பியிருந்தார். ஒரு கேள்வியில் இருவர் விடை தற்செயலாக ஒத்துப்போக ஐந்தில் ஒரு வாய்ப்பு. ஆறு கேள்விகள் என்றால் ஐந்தில் ஒன்றை ஆறு முறை பெருக்க வேண்டும். பதினைந்தாயிரத்து அறுநூற்று இருபத்தைந்தில் ஒன்று. ஆகவே இது தற்செயல் அல்ல, காப்பி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் இந்தத் தேர்வில் பூஜ்யம் மட்டும். இல்லாவிட்டால் விசாரணை, தோற்றால் பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியேற்றம்.

எம்.பி.ஏ.வில் சேர எனக்கு இந்தப் பாடத்தில் பி கிரேடு, அதாவது எண்பது சதவீதம், வேண்டும். பூஜ்யம் வாங்கினால் அது கிடைக்காது. கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு காப்பெல் என்ற ஊரில் ஓர் அபார்ட்மெண்டில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்த பிறகு, தொண்ணூற்றெட்டில்தான் எனக்கு இந்தக் கதவு திறந்தது.

"சைன் பண்ணிடு கயல்," என்றார் என் கணவர் திருமூர்த்தி, வெள்ளிக்கிழமை காலை ஷூவை மாட்டிக்கொண்டே. "க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிருக்கற நேரம். விசாரணை அது இதுன்னு ரெக்கார்டுல ஏற வேணாம்."

"காப்பி அடிச்சேன்னு நானே எழுதிக் குடுத்தா ரெக்கார்டுல ஏறாதா?"

"நீ அடிக்கலைன்னு எனக்குத் தெரியும்பா. ஆனா அந்தாளு கணக்குப் போட்டுக் காட்டறாரே."

"அந்தாளு போட்டா கணக்கு. நான் சொன்னா வெறும் பேச்சு. அப்படித்தானே?"

நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஃப்ரீவே முழுக்க ரஞ்சித்குமாரைத் திட்டிக்கொண்டே போனேன். நான் காப்பி அடிக்கவில்லை என்றால் அவன்தான் அடித்திருக்க வேண்டும்.

நூலகத்தில் மூலை மேசையில் இருந்தான். முன்னால் அந்தப் படிவம். பெயரை எழுதிவிட்டிருந்தான், கையெழுத்து இன்னும் போடவில்லை.

"என் பேப்பரைப் பாத்து எழுதினியா?"

"இல்லீங்க்கா. நீங்க குனிஞ்சு எழுதறப்ப உங்க பின்னல் ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அதுல எந்த ஆன்சரும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு சைன் பண்ற?"

"எனக்கு ஸ்டூடண்ட் விசாங்க்கா. வெளிய அனுப்பிட்டா நேரா தாராபுரம்தான். பூஜ்யம்னா பூஜ்யம்னு போயிடலாம்னு."

"நீ சைன் பண்ணினா நான் பேப்பரைக் காட்டினேன்னு ஆயிடும். அதை யோசிச்சியா?"

அவன் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கடிதத்தோடு வந்த கேள்வித்தாளை அவன்முன் வைத்தேன். "பதினேழாவது கணக்கைப் போடு. இப்ப, என் கண்ணு முன்னாடி." போடத் தெரியாமல் விழிப்பான், மாட்டிக்கொள்வான் என்று நினைத்தேன்.

ஒரு நிறுத்தத்தில் ஐந்து நாள் பேருந்துக்காகக் காத்திருந்த நிமிடங்கள்: 4, 6, 8, 10, 12. இந்த மாதிரியின் திட்டவிலக்கம் என்ன? அதாவது, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன?

ரஞ்சித்குமார் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தான். பென்சிலால் மூன்று பத்திகள் போட்டான். முதலில் எண், அடுத்து சராசரி எட்டிலிருந்து அதன் விலகல், அடுத்து விலகலின் வர்க்கம். அடியில் இரட்டைக் கோடு. கூட்டுத்தொகை நாற்பது.

நான் அந்த இரட்டைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் வேறு யாரும் ஸ்கேல் வைப்பதில்லை. கால்குலேட்டரில் எண்களைத் தட்டுவார்கள், விடை வந்துவிடும்.

"நீ எங்க படிச்ச?"

"உடுமலைல பி.காம்ங்க்கா."

"நான் பொள்ளாச்சில பி.காம்."

அவன் தொடர்ந்து எழுதினான். நாற்பதை ஐந்தால் வகுத்தான், எட்டு. வர்க்கமூலம் 2.83. என் விடை. வீட்டில் மூன்று நாளும் எனக்கு வந்த அதே விடை.

சரியான விடை என்று ஹாலண்ட் குறித்திருந்தது 3.16. அதன் வர்க்கம் ஏறக்குறையப் பத்து. நாற்பதை எதால் வகுத்தால் பத்து வரும்? நான்கால்.

பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே ஒரு பத்தியில் இருந்தது. மொத்தத்திலிருந்து எடுத்த சிறு மாதிரி என்றால் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்க வேண்டும். வகுப்பில் ஹாலண்ட் இதை அரை நிமிடம் சொல்லிவிட்டு, கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும் என்று தாண்டிப்போனது நினைவுக்கு வந்தது. எங்கள் பி.காம் புத்தகங்களில் எண்ணிக்கையால்தான் வகுப்போம். எங்கள் கை அதற்கே பழகியிருந்தது.

"ஏனுங்க்கா ஒண்ணைக் குறைக்கணும்?"

அவ்வளவு கோபத்திலும் அதைச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பிடித்திருந்தது. அவன் எழுதிய விலகல்களில் கடைசி ஒன்றை விரலால் மறைத்தேன். "மைனஸ் நாலு, மைனஸ் ரெண்டு, சைபர், ரெண்டு. விரலுக்கு அடியில என்ன?"

"நாலு. மொத்தம் சைபர் ஆகணுமே."

"அவ்வளவுதான். சராசரியையும் இதே அஞ்சு நம்பர்லேர்ந்துதான் எடுத்தோம். அதனால நாலு விலகல் தெரிஞ்சா அஞ்சாவதுக்கு வேற வழியே இல்ல. சுதந்திரமா இருக்கறது நாலுதான். அஞ்சால வகுத்தா சிதறல் கொறைவாத் தெரியும்."

மற்ற ஐந்து கேள்விகளையும் பார்த்தோம். ஒவ்வொன்றும் வேறு எதையோ கேட்டது, ஆனால் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு திட்டவிலக்கம் இருந்தது. எண்ணிக்கையால் வகுத்தால் எங்கள் தவறான விடை. ஒன்று குறைத்து வகுத்தால் அவருடைய சரியான விடை. ஆறிலும்.

அப்போதுதான் என் கோபம் தன் இடத்தைக் கண்டுபிடித்தது. 2.83 அந்த ஐந்து விடைகளுக்குள் தானாக வந்து உட்காரவில்லை. யாராவது ஐந்தால் வகுப்பார்கள் என்று தெரிந்தே ஹாலண்ட் அதை வைத்திருக்கிறார். குழியை வெட்டியவரே, இருவர் விழுந்ததும் ஒருவரையொருவர் தள்ளினோம் என்கிறார்.

நான்கு மணிக்கு அவர் அறைக்குப் போனோம். கையெழுத்துப் போட வந்தீர்களா என்று கேட்டார். கணக்குப் போட வந்தோம் என்றேன்.

"மெதுவாப் பேசுங்க்கா," என்று ரஞ்சித்குமார் முணுமுணுத்தான்.

நான் மெதுவாகப் பேசவில்லை. இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய இரண்டு பயணிகளின் கைக்கடிகாரங்களை ஆறு முறை பாருங்கள் என்றேன். ஆறு முறையும் இரண்டும் ஒரே தவறான நேரத்தைக் காட்டும். ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்ததா? பெருக்கலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகளைத்தான் பெருக்க வேண்டும் என்று இரண்டாவது வாரம் இதே வகுப்பில் கற்றுக்கொடுத்தது நீங்கள்தானே?

அவர் முகம் சிவந்தது. பென்சிலை எடுத்து ஆறையும் ஒவ்வொன்றாகப் போட்டார். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு ரஞ்சித்குமாரின் ஏழாவது தவறைத் தேடினார். நான்காவது கேள்வி, வெறும் சராசரி. நான் சரியாக எழுதியிருந்தேன். என்னைப் பார்த்து எழுதியிருந்தால் அவனும் சரியாக எழுதியிருப்பான்.

"நான் என்ன செய்ய வேண்டும்?" என்றார்.

"கடிதத்தில் எழுதிய கணக்கை அடித்துவிட்டு, சரியான கணக்கை எழுதுங்கள். இரண்டு பிரதி."

எழுதினார். என் பிரதி இப்படி இருந்தது:

விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 40. நான்கால் வகுத்தால் 10, வர்க்கமூலம் 3.16. ஐந்தால் வகுத்தால் 8, வர்க்கமூலம் 2.83. மாணவர்கள் இருவரும் முன்பு கற்ற முறைப்படி தனித்தனியே ஐந்தால் வகுத்தார்கள். மற்ற ஐந்து கேள்விகளிலும் இதுவே நடந்தது. எனவே ஆறு தவறுகள் அல்ல, ஒரே தவறு. குற்றச்சாட்டு திரும்பப் பெறப்படுகிறது. மதிப்பெண்: முப்பதுக்கு இருபத்து நான்கு.