எழுபத்தொரு மாலைகள்

எங்கள் அரசாங்க கிளினிக்கில் கேக் வெட்டினால் யாரோ வேலையை விட்டுப் போகிறார்கள் என்று அர்த்தம். பிறந்தநாள் கொண்டாடவெல்லாம் இங்கே நேரமில்லை. போன வருடம் மட்டும் மூன்று டாக்டர்கள் கிளம்பினார்கள். ஒருவர் சிங்கப்பூருக்கு, ஒருவர் தனியார் மருத்துவமனைக்கு, இன்னொருவர் நிரந்தர வேலை கிடைத்து சபா மாநிலத்துக்கு. மூவருக்கும் விருந்து ஏற்பாடு செய்தவள் தலைமைத் தாதியான நான்தான், ஐரீன். ஆயர் ஈத்தாமில் இருக்கும் கேக் கடைக்காரிக்கு என் குரல் கேட்டாலே போதும், இந்தத் தடவை யார் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

இந்தத் தடவை டாக்டர் மோகனா.

"சிஸ்டர், சிங்கப்பூர்ல வேல கெடைச்சிருக்கு. வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்றார் திங்கட்கிழமை காலையில்.

"கங்கிராட்ஸ்லா டாக்டர்" என்று சிரித்தேன். உள்ளுக்குள் கோபம்தான்.

அவரும் போனால் மிஞ்சுவது இரண்டே டாக்டர்கள், ஃபிக்ரியும் கிளிஃபர்ட்டும். இரண்டு பேரை வைத்து மாலை கிளினிக்கை ஓட்ட முடியாது, மூடிவிடலாம் என்று மேலிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. பகலில் லீவு கிடைக்காத தொழிற்சாலை ஆட்களும் பஸ் ஓட்டுநர்களும் ஐந்து மணிக்கு மேல்தான் எங்களிடம் வருவார்கள். தினமும் ஐம்பது பேராவது இருப்பார்கள். அவர்கள் எங்கே போவார்கள்? சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் லீவு பார்த்தா வருகின்றன? ஓடுகிறவர்களுக்குக் கேக் ஒன்றுதான் குறைச்சல் என்று முணுமுணுத்துக்கொண்டே ஆர்டர் கொடுத்தேன்.

விடைபெறுகிறவருக்குக் கொடுக்கும் அட்டையில், அவர் பார்த்த மாலை டியூட்டிகள் எத்தனை என்று எழுதுவது எங்கள் வழக்கம். யாருக்கு எந்த நாள் என்று ரோஸ்டர் போடுவது நான் என்பதால் எண்ணுவதும் நான்தான். புதன்கிழமை மதியம், மூன்று டாக்டர்கள் மட்டுமே மிஞ்சிய ஆறு மாத ரோஸ்டரை விரித்து உட்கார்ந்தேன். மொத்தம் நூற்றிருபது மாலைகள். ஃபிக்ரி இருபத்தாறு, கிளிஃபர்ட் இருபத்து மூன்று, மோகனா எழுபத்தொன்று.

தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். அதே எழுபத்தொன்று. அத்தனையும் என் கையெழுத்து.

ஃபிக்ரியிடம் கேட்டால் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பார். கிளிஃபர்ட்டுக்கு தேவாலயத்தில் பாடற்குழு ஒத்திகை இருக்கும். மோகனா மட்டும் "சரி சிஸ்டர்" என்பார். குனியக் குனியக் குட்டுவது என்பார்களே, அதைத்தான் ஆறு மாதமாகச் செய்திருக்கிறேன். கெப்பாலா பத்தாஸிலிருந்து கடல் பாலம் தாண்டி தினமும் வருகிற பெண். இரண்டு வயதில் ஒரு மகன். ஒன்பதரைக்கு இங்கே முடித்துவிட்டு வீடு போய்ச் சேரும்போது பிள்ளை தூங்கியிருப்பான் என்று எனக்குத் தெரியாதா என்ன? வெட்கத்தில் முகம் சுட்டது. சிங்கப்பூர் இழுத்தது பாதி, நான் தள்ளியது பாதி.

ரோஸ்டரோடு அவர் அறைக்குப் போனேன்.

"டாக்டர், ஆறு மாசத்துல எழுபத்தொரு சாயங்காலம் பாத்திருக்கீங்க. போட்டது நான்தான். மன்னிச்சிருங்க."

அவர் தாளைப் பார்த்தார். "அவ்வளவா? நான் எண்ணவே இல்ல சிஸ்டர். எண்ணியிருந்தா அழுதிருப்பேன்லா."

"ஒரு தடவ முடியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் கான்ட்ராக்ட்தானே. முடியாதுன்னா பேரு கெட்டுடும், அப்புறம் பெர்மனன்ட் கெடைக்காதோன்னு பயம்."

"போகாதீங்க டாக்டர்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. போன மூன்று பேரிடமும் இந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை. மோகனாவின் கண் கலங்கிவிட்டது.

"அங்க சம்பளம் ரெண்டு மடங்குக்கு மேல, சிஸ்டர்."

"தெரியும். அத என்னால குடுக்க முடியாது. ஆனா வாரத்துக்கு ரெண்டு சாயங்காலத்துக்கு மேல உங்க பேரு வராது. என் கையில இருக்கறது இது ஒண்ணுதான்."

"யோசிக்கிறேன்" என்றார்.

வியாழக்கிழமை அந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஃபிக்ரி, கிளிஃபர்ட் இருவர் முன்னாலும் வைத்தேன். நான் ஒன்றும் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பயம். ஃபிக்ரி வாரத்தில் இரண்டு மாலைகளை எடுத்துக்கொண்டார். கிளிஃபர்ட் வெள்ளிக்கிழமையை ஏற்றுக்கொண்டார், இந்த வாரத்திலிருந்தே.

வெள்ளிக்கிழமை வந்தும் மோகனா என்ன முடிவு என்று சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று மணிக்குக் கிளிஃபர்ட்டுக்குக் கடும் காய்ச்சல், நிற்கக்கூட முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பினேன். பழக்கதோஷம், என் கால்கள் நேராக மோகனாவின் அறைக்குப் போய் நின்றன.

"டாக்டர், கிளிஃபர்ட்டுக்கு முடியல. இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"முடியாது சிஸ்டர்."

ஆறு மாதத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"இந்த வாரம் என்னோட ரெண்டும் பாத்தாச்சு. இன்னிக்கு என் மகனுக்கு நான்தான் சோறு ஊட்டணும்." பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் கதவருகே நின்று சிரித்தார். "சிங்கப்பூருக்கும் காலையிலயே இதையேதான் எழுதிட்டேன். முடியாதுன்னு."

கிளினிக் என்றும் பார்க்காமல் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஃபிக்ரியை அப்புறம் போய்க் கெஞ்சிக்கொள்ளலாம்.