ஈயம் வைத்துத் தைத்த பாவாடை

வீட்டில் அவளுக்குப் பூசணி என்று பெயர். வைத்தவள் அக்காதான். அம்மா போனபோது தங்கைக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. சோறூட்டி, சடை பின்னி, பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டுத் தையல் வேலைக்கு ஓடுகிறவளுக்கு நடுவில் சிரிக்கவும் ஏதாவது வேண்டாமா? கன்னத்தைக் கிள்ளி, "என் பூசணி" என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது. தங்கை வளர்ந்து, மேடையில் புது உடை உடுத்தி நடந்து காட்டும் மாடல் ஆன பிறகும் அது உதிரவில்லை. கூட நடக்கும் பெண்கள், "பூசணியா? எந்தப் பக்கம்?" என்று அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அக்கா நம்பினாள்.

தங்கை நடந்து காட்டும் உடைக் கம்பெனியில்தான் அக்காவுக்கும் வேலை. மூன்றாம் மாடியில் நீளமான தையல் கூடம். நடுவில் வெட்டுமேசை, சுவரோரம் தையல் மெஷின்கள், ஜன்னலருகே துணி சுற்றிய ஒரு பொம்மை. தலை கிடையாது, கை கிடையாது, வயிறும் கிடையாது. அந்தப் பொம்மையின் அளவுக்குக் கட்டிங் மாஸ்டர் வெட்டுவார், அக்கா தைப்பாள். அதற்குள் நுழைகிற பெண் மேடைக்குப் போகலாம், நுழையாதவள் வீட்டுக்குப் போகலாம். செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டிக்கொள் என்பார்களே, அதையே ஒரு தொழிலாக நடத்திக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் தங்கைக்குச் சட்டை தைத்தபோதெல்லாம் அக்கா பக்கவாட்டில் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து விட்டே தைப்பாள். "வளர்ற பொண்ணு, பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம்" என்பாள். மேடை உடைக்கு அப்படியெல்லாம் விட முடியாது. உள்ளே ஒரு நூல் கூடுதலாக இருந்தாலும் வெளியே தெரிந்துவிடும்.

எங்கோ ஒரு மாடல் பட்டினி கிடந்தே செத்துப்போனாள். பத்திரிகைகள் கூச்சல் போட்டன. உடனே ஒரு சட்டம் வந்தது. ஷோவுக்கு முன்னால் ஒரு நர்ஸம்மா எல்லாப் பெண்களையும் எடை பார்ப்பார், உயரத்துக்குத் தகுந்த எடை இல்லாதவள் மேடை ஏறக் கூடாது. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் சட்டம் போட்டவர்களில் ஒருத்தர்கூட மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து அந்தப் பொம்மையைப் பார்க்கவில்லை. எடை கூடினால் கவுனுக்குள் நுழைய முடியாது, கூடாவிட்டால் மேடைக்குள் நுழைய முடியாது. பெண்கள் நடுவில் கிடந்து தவித்தார்கள்.

அக்கா மாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தாள். "ரூல் வந்திருக்கே மாஸ்டர், அளவைக் கொஞ்சம் தளர்த்தலாமா?"

"ரூல் பொண்ணுங்களுக்குத்தாம்மா. கவுனுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார் அவர், சாக்கட்டியைக் கீழே வைக்காமலே.

ஷோவுக்கு இரண்டு நாள் முன்பு, தங்கை குளியலறையில் எடை பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். தட்டில் பாதி ஆப்பிள். அதைக் காகிதம் மாதிரி சீவிச் சீவி வைத்திருந்தாள்.

"ரெண்டு கிலோ குறையுதுக்கா."

"அப்போ சாப்பிடு. வேற என்ன மந்திரமா போடப்போறோம்?"

"சாப்பிட்டா வயிறு தெரியும். கடைசி கவுன் எனக்குன்னு சொல்லியிருக்காங்க. இத்தனை வருஷம் நடந்தது அதுக்குத்தானே?" தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "உங்கிட்டதான் ஈயம் இருக்கே."

நீளமான கவுன்களின் கீழ் விளிம்பில், உள்மடிப்புக்குள், பொத்தான் அளவு ஈயத்துண்டுகளை வைத்துத் தைப்பது வழக்கம். நடக்கும்போது துணி பறக்காமல் நேராக விழும். அக்காவின் டப்பா நிறைய அது இருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா? உடம்பு போயிடும்டி."

"உடம்பை அப்புறம் தேத்திக்கலாம். இந்த வாட்டி நடக்கலன்னா அடுத்த வாட்டி என்னை யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஷோ முடியட்டும், நீ எது போட்டாலும் சாப்பிடுறேன். சத்தியமா."

முடியாது என்று சொல்லிவிட்டு அக்கா பாத்திரம் தேய்க்கப் போனாள். தேய்க்கத் தேய்க்க, எத்தனை துண்டு, உள்பாவாடையில் எந்த மடிப்பு, இடுப்பில் எவ்வளவு, விளிம்பில் எவ்வளவு என்று மனசு தானாகத் திட்டம் போட்டது. தாயில்லாப் பிள்ளை என்று கேட்டதற்கெல்லாம் சரி சொல்லியே வளர்த்தவள். அவளுக்கு இல்லை என்று சொல்ல அக்காவுக்கு வாய் பழகவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எடை பார்த்த உடனே பிரிச்சுடுவேன்" என்றாள். தங்கை எழுந்து வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முதுகில் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

ஷோ அன்று, எப்போதும்போல் பெண்களின் கூச்சத்தை மதித்து, உள்பாவாடையோடு ஏறச் சொன்னார் நர்ஸம்மா. தங்கை ஏறினாள். முள் நகர்ந்து, வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது.

"பரவால்லயே, ஏறியிருக்கே" என்று நர்ஸம்மா அவள் கன்னத்தைத் தட்டினார். "இப்படியே சாப்பிடும்மா."

தங்கை தலையாட்டினாள். அக்கா பின்னால் நின்றிருந்தாள். நூல் பிரிக்கும் கொக்கியை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். அதற்குள் அங்கே ஒரே அமளி. எடையில் தேறாத இரண்டு பெண்களை நிறுத்திவிட்டார்கள், வரிசை முழுக்க மாறிவிட்டது.

"நேரமில்லம்மா, உடனே போட்டு விடு" என்றார் மாஸ்டர்.

"பாவாடையை மட்டும் மாத்திட்டு—"

"பாவாடையை எவன் பார்க்கப் போறான்? முதுகை மூடு."

கவுனை உடம்போடு வைத்து முதுகில் தைத்து மூட வேண்டும். நிறுத்துங்கள், உள்ளே ஈயம் இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணாடியில் தங்கையின் கண்கள் அவளைப் பார்த்தன. அக்கா ஊசியில் நூல் கோத்தாள்.

தங்கை நடந்தாள். "துணி எப்படி விழுது பாரு" என்று மாஸ்டர் உருகிப்போனார். விழாமல் என்ன செய்யும்? கைதட்டல் ஓயும் முன்பே திரும்பி வந்தவள், திரைக்குப் பின்னால் அக்காவின் தோளைப் பிடித்தாள்.

"கனமா இருக்குக்கா" என்றாள். அப்படியே சரிந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நர்ஸம்மாவும் கூட வந்தார். கவுனை வெட்டி, பாவாடையை வெட்டியபோது ஈயத்துண்டுகள் தரையெங்கும் சிதறின. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அக்கா மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"யாரு தச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான்."

யாரும் திட்டவில்லை. நர்ஸம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பொறுக்கினார். "நான் புள்ளையைப் பார்த்திருக்கணும். முள்ளைப் பார்த்துட்டேன்" என்றார். அக்காவை வெளியே கூட்டிப்போய் டாக்டர் சொன்னார்: "இதயமும் தசைதாம்மா. சோறு போடலன்னா உடம்பு அதையும் எடுத்துத் தின்னுடும்."

மறுநாள் மத்தியானம் தங்கைக்கு நினைவு வந்தது. ஃபோனைக் கேட்டு வாங்கி, எதையோ தேடி எடுத்து அக்காவிடம் நீட்டினாள். பள்ளிக்கூட வகுப்புப் படம். இரண்டாம் வரிசையில், தொளதொளவென்ற சட்டைக்குள் ஒரு சின்னப் பெண்.

"இதுல நான் எங்க குண்டா இருக்கேன்க்கா?"

அக்கா பார்த்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. கன்னத்தில் மட்டும் கொஞ்சம் சதை.

"இல்லடி. நீ எப்பவுமே குண்டா இருந்ததில்ல."

"அப்புறம் ஏன் பூசணின்னு கூப்பிட்ட?"

"உன் கன்னத்தைப் பார்த்தா ஆசையா இருக்கும். அதான் கூப்பிட்டேன்."

"ஓ" என்றாள் தங்கை. குரலில் கோபம் இல்லை, அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. "முன்னாடியே கேட்டிருக்கலாம்." பிறகு, "பசிக்குதுக்கா" என்றாள். அக்கா கஞ்சி ஊட்டினாள். ஏழு வயதில் ஊட்டிய அதே கை. நாலு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. மறுநாள் விடிந்தபோது அந்த மெலிந்த இதயம் நின்றுவிட்டது.

கம்பெனியில் புது உத்தரவு போட்டார்கள்: இனி உள்பாவாடையைத் தடவிப் பார்த்துத்தான் எடை பார்க்க வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை. மூன்றாம் மாடிப் பொம்மை ஜன்னலருகே அப்படியேதான் நின்றது.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து, அழுது, வெட்டிய இடத்தை ஒட்டவைத்த கவுனை நீட்டினார். "இதையே போட்டு அனுப்பலாம்மா. அவளுக்குன்னு தச்சது."

"அவளுக்குத் தச்சது இல்ல மாஸ்டர்" என்றாள் அக்கா. "பொம்மைக்குத் தச்சது."

உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தங்கைக்குப் பிடித்த மஞ்சள் பருத்தித் துணி. அளவெடுக்கத் தேவையிருக்கவில்லை. முன்னறையில் வந்தவர்கள் அழும் சத்தத்துக்கு நடுவே மெஷின் ஓடியது. தைத்து முடித்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தாள்: இரண்டு பக்கமும் இரண்டு விரல் துணி, பின்னால் பிரித்து விட்டுக்கொள்ள, உள்ளே மடித்து விடப்பட்டிருந்தது.

வெட்டி எறியக் கத்திரியை எடுத்தாள். துணியில் வைத்தாள். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சட்டையை அப்படியே கொண்டுபோய்த் தங்கைக்குப் போட்டுவிட்டாள்.