கட்டைக் குரலும் ஆறு புள்ளி எட்டும்

ஆறு புள்ளி எட்டு. அந்த ஒற்றை எண் கிரேன்காரியை நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு இறக்கிவிட்டது.

கம்பெனி விதி அப்படி. மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் ஏ1சி ஆறரையைத் தொட்டால் கிரேன் ஏறக்கூடாது. பதினொரு வருடம் கன்டெய்னர் தூக்கியவள், ஸ்டோர் ரூமில் கையுறை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"திருட்டுத்தனமா எதையோ தின்னுட்டு வர்றே," என்றார் கணவர். சர்க்கரை டப்பா பீரோவுக்குள் குடிபோனது.

"சாவி என்கிட்டயும் ஒண்ணு இருக்குங்க. தொட்டேனா?"

தினமும் விரலில் குத்திப் பார்த்துத் தாளில் எழுதிவைத்தாள். வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு. சாப்பிட்ட பின் நூற்றிருபது. அந்தத் தாள்களோடு கம்பெனி டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து வாதாடியபோது, திறந்திருந்த கதவில் ஒரு தலை முளைத்தது. கீழே நின்று வயர்லெஸ்ஸில் அவளுக்கு வழி சொல்லும் சிக்னல்காரன். அடுத்த டோக்கன் அவனுடையது.

"டாக்டர், அக்கா குரலைக் கவனிச்சீங்களா? ஒரு வருஷமா கட்டையாகிட்டே போகுது. பதிலும் நிதானமாத்தான் வருது. அண்ணேன்னு கூப்பிடலாமான்னு யோசிச்சேன்."

"உன்னை யாருடா உள்ள விட்டது?" என்றாள். கட்டைக் குரலில்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "குளிருதா உங்களுக்கு?"

"கேபின்ல ஸ்வெட்டர் போட்டுத்தான் உட்காருவேன்."

"வெயில்லயா?"

"வெயில்லயும்."

மறுநாள் ரத்தம் உண்மையைச் சொன்னது. தைராய்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"தைராய்டு மந்தமானா புது சிவப்பணு மெதுவாத்தான் பிறக்கும்," என்றார் டாக்டரம்மா. "பழசுங்களே ரொம்ப நாள் சுத்தும். சுத்தச் சுத்தச் சர்க்கரை ஒட்டும். ஏ1சி ஏறின மாதிரி காட்டும்."

"அப்போ எனக்குச் சர்க்கரை நோய் இல்லையா?"

"என் சந்தேகம் அதுதான். மாத்திரை போட்டு நாலு மாசம் கழிச்சுப் பாத்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

நாலு மாதம். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஸ்வெட்டர் முதலில் கழன்றது. பிறகு முகத்தின் வீக்கம் போனது.

ரிப்போர்ட்டைக் கணவர்தான் பிரித்தார். ஐந்து புள்ளி ஐந்து. பீரோவுக்குப் போனார், டப்பாவோடு சமையலறைக்கு வந்தார்.

"ரெண்டு ஸ்பூன் போடவா?"

"அரை போதும். என் சாவியையும் நீங்களே வெச்சுக்குங்க."

டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட மறுநாள் இருநூற்றுப் பன்னிரண்டு படிகளையும் மூச்சு வாங்காமல் ஏறினாள். சீட்டைத் துடைத்தாள். வயர்லெஸ்ஸை அழுத்தினாள்.

"தம்பி, கேக்குதா?"

கீழே சிக்னல்காரன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"கேக்குது அக்கா. அண்ணன் வேலையை விட்டுட்டுப் போயிட்டாரு போல."

இருபது டன் கன்டெய்னர் பூப்போலத் தரையை விட்டு எழுந்தது.