குழலைத் தட்டிப் பார்த்தவள்

பட்டறையில் மற்ற எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, சின்னவள் நீளமான தோல் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பெரியவள் அப்போது ஒரு மேல் வரிசைப் பல் செட்டுக்குக் கடைசி மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்வதுதான் அந்தப் பட்டறையின் வேலை.

"அக்கா, கையைத் துடைச்சுட்டு வாங்க. ஒண்ணு காட்டணும்."

அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். மாமியார் வைத்த இந்தப் பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. ஓரகத்திகள் இருவருக்கும் இடையே சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை. வந்திருந்தால் ஒருவேளை நல்லதாகப் போயிருக்கும்.

பெரியவள் பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊருக்கு வெளியே இருக்கும் சுடுதளத்துக்குப் போகிறவள். இயந்திரம் களிமண் தட்டு ஒன்றை வானத்தில் வீசும். அது தரையில் விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. அவள் கணக்கு பத்தொன்பதில் வந்து நின்று வெகு காலம் ஆகிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால், "லீவு நாள்ல வீட்டுல சும்மாதானே இருக்கே, கூட வா" என்று சின்னவளை அழைத்துப் போனதும் அவள்தான். உயரக் கட்டடங்களில் கிரேன் ஓட்டுகிற சின்னவளுக்குத் தூரத்தைக் கண்ணால் அளப்பது தொழில். முதல் மாதமே பதினைந்து உடைத்தாள். இப்போது இருபத்திரண்டுக்குக் குறைவதில்லை. தளத்தில் புதிதாக வருகிறவர்கள் பெரியவளிடம் வந்து, "அவங்க உங்க ஓரகத்தியாமே?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொல்வாள். வீட்டுக்கு வந்தால் தாடை வலிக்கும்.

பெட்டி திறந்தது. பச்சைத் துணியில் புத்தம் புதிய இரட்டைக்குழல் துப்பாக்கி. இரண்டு குழலும் பக்கம் பக்கமாகப் படுத்திருந்தன. தளத்தில் எல்லோரிடமும் இருப்பது ஒரு குழல் மேலும் ஒரு குழல் கீழுமாக அமைந்த ரகம். இந்த வகை அபூர்வம்.

"கடைக்காரர் மூணு நாள் வச்சுப் பாருங்கன்னு குடுத்தாரு. லைசென்ஸ்ல எழுதிக் கையெழுத்துகூட வாங்கிட்டாரு. விலையைக் கேட்டதும் அவர் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாரு." அவர் என்றால் புருஷன். "ஓடற கார் ஒண்ணு வாங்கலாம், இதுக்குப் போய் இவ்வளவான்னாரு. அப்புறம் அவரே, அண்ணி பாத்துச் சரின்னு சொன்னா வாங்கிக்கோன்னுட்டாரு. எனக்கும் அதான் சரின்னு பட்டுது. மரமும் உலோகமும் சேர்ற வேலையில உங்க கண்ணுக்குத் தப்பாதே."

"போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா" என்றாள் பெரியவள். "நிதானமாப் பாக்கணும்."

தனியாக விடப்பட்டதும் அவள் முதலில் துப்பாக்கியைத் தொடவில்லை. மேஜை விளக்கை மட்டும் அருகே இழுத்தாள். உலோகம் மரத்துக்குள் இறங்குகிற இடத்தில் மயிரிழை நுழையவும் இடமில்லை. பற்கள் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்க்க வைத்திருக்கும் நீலத்தாளில் ஒரு துண்டைக் கிழித்து, துப்பாக்கியை நடுவில் மடித்து, குழல்கள் வந்து அடைகிற முகத்தில் அதை வைத்து மூடித் திறந்தாள். நீலம் ஓரம் முழுக்க ஒரே சீராக ஒட்டியிருந்தது. தான் செய்த பல் செட்டுகளில் ஒன்றுகூட முதல் தடவையிலேயே இப்படிக் கடித்ததில்லை.

பிறகு தோளில் வைத்துப் பார்த்தாள். கன்னம் பின்பக்க மரக்கட்டையில் தானாகவே போய் அமர்ந்தது. கண்ணை ஒட்டிக் குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டை, எதிர்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் நடுவில் போய் நின்றது. தனக்கென்றே அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி இருந்தது. வீட்டில் இருக்கும் அவளுடைய துப்பாக்கி யாரோ பயன்படுத்தி விற்றது. உயரம் போதாமல் கட்டையின்மேல் அட்டை வைத்து நாடா சுற்றியிருக்கிறாள். பதினொரு வருடமும் அந்த நாடாவில் கன்னம் தேய்ந்திருக்கிறது. இதுவோ சின்னவளுக்கு அரை அங்குலம் நீளம். அவள் கை குட்டை. எனக்குப் பொருந்துகிறது, அவள் கைக்குப் போகப்போகிறது என்று நினைத்தபோது அடிவயிற்றில் நெருப்பை வைத்தாற்போல் இருந்தது.

கடைசியாகக் குழல்களைக் கழற்றி ஒரு விரலில் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் மெல்லத் தட்டினாள். இரண்டு குழலையும் சேர்த்துப் பற்றவைத்த இடத்தில் குறை இருந்தால் மண்பானை மாதிரி மொத்தென்று கேட்கும். இது கணகணவென்று ஒலித்து, வெகுநேரம் அடங்காமல் நின்றது.

சின்னவள் டீயோடு வந்தபோது துப்பாக்கி பெட்டிக்குள் இருந்தது.

"என்னக்கா?"

"பாக்க அழகா இருக்கு." பெரியவள் டம்ளரைப் பார்த்தபடி சொன்னாள். "ஆனா தட்டிப் பாத்தேன். சத்தம் மந்தமா இருக்கு. பத்தவச்சது சரியில்லன்னு நினைக்கிறேன். இவ்வளவு காசுக்கு… வேணாம்."

சின்னவளின் முகம் சட்டென்று விழுந்தது. அதைப் பார்க்கையில் பெரியவளுக்கு ஒரு நிமிடம் குளுகுளு என்றுதான் இருந்தது. அதை அவள் பின்னால் தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை.

"நீங்க சொன்னாச் சரிக்கா" என்று பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனாள் சின்னவள்.

சனிக்கிழமை துப்பாக்கி கடைக்குத் திரும்பிப் போனது. ஞாயிறன்று சின்னவள் தன் பழைய துப்பாக்கியோடு வந்து, அதிகம் பேசாமல் பதினேழு உடைத்தாள். பெரியவள் இருபது. பதினொரு வருடத்தில் முதல் இருபது. வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"அட, பரவாயில்லையே" என்றான் அவன் செய்தித்தாளை விலக்கி. "அப்ப ஏன் யாரோ செத்த மாதிரி மூஞ்சியை வச்சிருக்கே?"

அவள் தன் பழைய துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்தாள். ஆனால் கடைக்குப் போன அந்தத் துப்பாக்கி கண்ணை விட்டுப் போகவில்லை. அச்சில் மெழுகு ஊற்றும்போதும் கன்னத்தில் அந்த மரத்தின் வழவழப்பு. செவ்வாய்க்கிழமை மதியம், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கடைக்குப் போனாள்.

துப்பாக்கி கண்ணாடி அலமாரியில் இல்லை. பின்பக்க மேஜையில், விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் ஒரு சீட்டு கட்டிக் கிடந்தது. குழல் சந்தேகம், கம்பெனிக்கு அனுப்பவும் என்று எழுதியிருந்தது.

கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். "உங்க ஓரகத்தி வந்து சொன்னாங்கம்மா, நீங்க தட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சதை. திருப்பி அனுப்பினா கம்பெனிக்காரன் எட்டு மாசம் இழுத்தடிப்பான். உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, கால்வாசி விலை குறைச்சுத் தர்றேன். குறை தெரிஞ்சு வாங்கறவங்களுக்குக் குடுத்தா எனக்கும் மனசாட்சி உறுத்தாது."

பெரியவள் அதை எடுத்துத் தோளில் வைத்தாள். கன்னம் பழைய இடத்துக்கே போய் அமர்ந்தது. சேமிப்பில் இருப்பது, பழையதை விற்றால் வருவது என்று மனம் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. எடுத்துக்கறேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

கடைக்காரர் அவள் கையிலிருந்து அதை வாங்கி, குழல்களைக் கழற்றிக் காதோரம் தொங்கவிட்டுத் தட்டினார். கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி தட்டினார்.

"இப்பவும் எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றார் மெதுவாக. "முப்பது வருஷமா இந்தக் காதை நம்பித்தான் கடை நடத்தறேன். வீட்டுல ரெண்டு வருஷமாச் சொல்றா, உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சு, டாக்டரைப் பாருங்கன்னு. நான்தான் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். நாளைக்குப் போலாம்னு இருக்கேன்."

பெரியவளுக்குக் காது மடல்கள் சுட்டன.

"டாக்டர்கிட்ட எல்லாம் போக வேணாம்" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. "உங்க காது நல்லாத்தான் இருக்கு. குழலும் நல்லாத்தான் இருக்கு. நான் பொய் சொன்னேன்."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவளைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. சீட்டை அவிழ்த்துக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். "இதை நீங்க என்கிட்ட மட்டும் சொன்னாப் போதாதும்மா" என்றார்.

கிரேன் நின்ற கட்டட வாசலில் பெரியவள் ஒரு மணி நேரம் காத்திருந்தாள். வேலை முடிந்து சின்னவள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள். அங்கேயே, சிமெண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில், சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தாள் பெரியவள்.

சின்னவள் கையுறைகளைக் கழற்றினாள். "தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"சங்கிலியையும் கொக்கியையும் தட்டிப் பாக்காம ஒரு நாளும் நான் மேல ஏறினதில்ல. வீட்டுக்குப் போனதும் குழலைத் தட்டிப் பாத்தேன். மணி மாதிரி அடிச்சுது."

"அப்புறம் ஏன் திருப்பிக் குடுத்தே?"

"வேற என்ன பண்றது? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க பக்கத்துல நின்னு அந்த மூஞ்சியோட பாத்துக்கிட்டிருந்தா எனக்கு ஒரு தட்டு உடையுமா?" அவள் குரல் ஏறியது. "நான் இருபத்திரண்டு அடிச்ச அன்னிக்கு ஒரு தடவையாவது நல்லாச் சுட்டேன்னு சொல்லியிருக்கீங்களா? மூணு வருஷமா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். தளத்துல இருக்கறவன் எல்லாம் சொல்றான். எனக்கு அவனுங்க சொல்லி என்ன ஆகணும்?"

கலவை இயந்திரம் ஒன்று இரைச்சலோடு அவர்களைக் கடந்து போனது.

"எனக்கு வயித்தெரிச்சல்" என்றாள் பெரியவள். "நீ வந்த முதல் மாசத்துலேர்ந்து."

"அது ஊருக்கே தெரியும்" என்றாள் சின்னவள். கோபம் தணியாமலேயே ஒரு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "சரி, இப்பவாவது நெஜத்தைச் சொல்லுங்க. அந்த விலைக்கு அது தகுமா?"

பெரியவள் யோசித்தாள். இந்தமுறை துப்பாக்கியைப் பற்றி மட்டும் யோசித்தாள்.

"விலையில கால்வாசி செதுக்கின பூவுக்கும் தோல் பெட்டிக்கும் போகுது. பூ தட்டை உடைக்காது. ஆனா மீதி வேலை அவ்வளவும் சுத்தம். இருபது வருஷம் கழிச்சும் இதே மாதிரிதான் மூடும். எடை முழுக்க ரெண்டு கைக்கும் நடுவுல நிக்குது, அதனால நீ தட்டைத் துரத்தறப்போ இழுக்காது. ஒரே ஒரு குறை. கட்டை உனக்கு அரை அங்குலம் நீளம். வெட்டிக் குறைச்சாத்தான் தகும். அந்தக் கூலியைக் கடைக்காரர் தலையில கட்டு."

"வெட்டினா உங்களுக்குப் பொருந்தாதே" என்றாள் சின்னவள். அவள் அதையும் கவனித்திருக்கிறாள்.

"வாங்கறது நீதானே?"

வியாழக்கிழமை கடையில் கட்டையின் முனையில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தது பெரியவள்தான். சின்னவளின் முழங்கையை மடக்கி மூன்று முறை அளந்துவிட்டுத்தான் போட்டாள். இரம்பம் மரத்தில் இறங்கியபோது வெளியே போய் நின்றுகொண்டாள்.

ஞாயிறன்று காற்று பலமாக இருந்தது. தட்டுகள் நினைத்த திசையில் போகவில்லை. பெரியவள் பதினெட்டில் முடித்தாள். சின்னவள் புதுத் துப்பாக்கியோடு நின்றாள். முதல் இரண்டைத் தவறவிட்டு, மீதி இருபத்துமூன்றையும் வரிசையாகத் தூளாக்கினாள். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். பெரியவளும் தட்டினாள்.

"நல்லாச் சுட்டே" என்றாள். அந்த இரண்டு வார்த்தையை வெளியே கொண்டுவர அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சின்னவள் துப்பாக்கியை மடித்துக் காலித் தோட்டாக்களை எடுத்துக்கொண்டே, தணிந்த குரலில் கேட்டாள். "இன்னும் எரியுதாக்கா?"

"எரியுது" என்றாள் பெரியவள். "நீ தள்ளி நில்லு, அடுத்த சுத்து என்னோடது."