பிட்சரைக் கண்டு விலகிய ஆறு

வாரன் பிட்சரின் பம்புக் குழாய்க்குள் நுழைய மல்வாரா ஆற்றுத் தண்ணீர் மறுத்துவிட்டது. குழாயை இறக்கிய இடத்தில் தண்ணீர் ஒரு முழம் விலகி நின்றது. குழாயை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது. டார்வின் நகரத்திலிருந்து வந்த மெக்கானிக் பம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆற்றில் மிச்சமிருந்த பங்கு முழுவதையும் நீர்வள ஆபீஸ் அந்த ஆண்டுதான் பிட்சரின் தர்பூசணிப் பண்ணைக்கு எழுதிக் கொடுத்திருந்தது. ஆற்று வளைவில் ரோஸ்லினும் அவள் சொந்தக்காரப் பெண்களும் காட்டுப் பிளம் பழங்களைப் பறித்துக் கழுவி உறையவைத்து விற்கும் கொட்டகைக்குப் பங்கில்லை என்று பதில் வந்தது. அவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றுக்கே உரிய பூர்வகுடிகள் என்பதை எழுத மனுவில் இடமில்லை. உரிமைச் சீட்டு இல்லாத தண்ணீரில் கழுவிய பழத்தை எடுக்கமாட்டோம் என்று நகரத்து வியாபாரி சொல்லிவிட்டார். பழம் முற்றுவதற்குள் சீட்டு வராவிட்டால் கொட்டகையை மூடவேண்டியதுதான்.

தண்ணீர் விலகிய காரணம் ஊருக்கே தெரியும். புதிதாக யார் வந்தாலும், அந்த மண்ணுக்குரியவர் ஒருவர் தன் அக்குள் வேர்வையை அவர் தலையில் தடவி, ஆற்றுநீரை வாயில் எடுத்து உச்சியில் ஊதி, இவர் இன்னார் என்று தண்ணீருக்குள் இருக்கும் மூத்தோரிடம் உரக்கச் சொல்லவேண்டும். பிட்சர் வந்த புதிதில் மேல்கரைக்காரர்கள் சொல்லியிருப்பார்கள் என்று கீழ்கரைக்காரர்களும், கீழ்கரைக்காரர்கள் சொல்லியிருப்பார்கள் என்று மேல்கரைக்காரர்களும் இருந்துவிட்டார்கள். அவர் குடிப்பதற்கு மட்டும் எடுத்தவரை ஆறு பொறுத்துக்கொண்டது. மொத்தமாகக் கேட்டபோதுதான் இவர் யார் என்று பார்த்தது.

“சும்மா இரு அக்கா,” என்றான் ரோஸ்லினின் தம்பி கிளிஃபர்ட். “பங்கை எடுக்காதவன்கிட்டேருந்து ஆபீஸே பிடுங்கிடும். அப்புறம் நமக்குத்தான். நாமளா பண்றோம்? ஆறுதானே பண்ணுது!”

ரோஸ்லினுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சீட்டுக்காக மனமுருக வேண்டிக்கொண்டாள். ஆனால் ஆறு அத்தோடு நிற்கவில்லை. பிட்சரின் வீட்டுக் குழாய் நீரும் அவர் டம்ளரை விட்டு வளைந்து விழுந்தது. கடையில் அவர் வாங்கிய ஐஸ் கட்டி கையிலிருந்து நழுவி மேசைக்கடியில் ஓடியபோது எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்லினும் சிரித்தாள். அவர் மண்டியிட்டு அதைத் துழாவத் தொடங்கியதும் அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

“கடைசியா எப்போ தண்ணி குடிச்சே?” என்று கேட்டாள்.

“செவ்வாக்கிழமை. அதுவும் பாதி கழுத்துல ஓடிடுச்சு,” என்றார் பிட்சர். உதடு வெடித்திருந்தது.

அவள் அவர் கையைப் பிடித்து ஆற்றுக்கு அழைத்துப் போனாள். கிளிஃபர்ட் பின்னாலேயே வந்தான்.

“இவன் தலையில கை வெச்சா நம்ம கொட்டகை போச்சு. தெரியுதா?”

“தெரியுது. இதைப் பாத்துட்டு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கோயில்ல மண்டி போடுறது?”

“இருக்கிற மூஞ்சியை வெச்சுக்கிட்டுத்தான். வேற வாங்கி வெச்சிருக்கியா?”

அவள் வேர்வையைத் தடவினாள், நீரை ஊதினாள். இவர் இன்னார் என்று சொல்லும் இடம் வந்தபோது, உறவுமுறை இல்லாத ஆளை எப்படிச் சொல்வது என்று சற்றுத் தயங்கினாள். பிறகு, “இவன் என் மகன்,” என்று உரக்கச் சொன்னாள்.

“அப்போ எனக்கு மருமகனா? கர்த்தரே!” என்று கிளிஃபர்ட் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

பிட்சர் வயிறு உப்பும்வரை குடித்தார். அன்றே பம்பும் ஓடியது. ஆனால் அந்த ஊரில் தாய்க்கு எடுத்து வைக்காமல் மகன் சாப்பிடுவதில்லை. அதனால் கொடிகளை நனைத்து முடித்த தண்ணீர் கடைசிப் பாத்தியில் எழுந்து, வேலிக்கடியில் நுழைந்து, தார்ச்சாலையைக் கடந்து, மேடேறிப்போய், பிளம் கொட்டகைத் தொட்டியின் ஏணியில் ஏறி உள்ளே விழுந்தது. பிட்சர் ஒரே ஒருமுறை மண்போட்டுத் தடுத்துப் பார்த்தார். அன்று மாலை டம்ளர் நீர் மறுபடி வளைந்தது. மண்ணை அவரே வெட்டி எடுத்துவிட்டார்.

ஆபீஸ்காரர்கள் வந்து அளந்தார்கள். எல்லாம் பிட்சரின் சீட்டுக்கு உட்பட்ட தண்ணீர், அவர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம் என்று முத்திரை வைத்தார்கள். வியாபாரி பழத்தை எடுத்துக்கொண்டார். நம் தண்ணீரை அவன் சீட்டில் வாங்குகிறோமே என்று கிளிஃபர்ட் புலம்பினான். அதுவும் சரிதான் என்று ரோஸ்லின் ஒப்புக்கொண்டு அடுத்த மனுவையும் போட்டாள். அது பரிசீலனையில் இருக்கிறது.

தண்ணீர் சாலையைக் கடக்கும் இடத்தில் பிறகு ஒரு எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். மாலையில் அந்த வழியே வரும் லாரிகள் அங்கே நின்று, தண்ணீருக்கு வழிவிட்டு, அது போனதும் கிளம்புகின்றன.